முட்டிக்கு எது, சுகருக்கு எது: ஆசனப் பட்டியல் கேட்கிறவர்களுக்கு

ஜூன் 22, காலை. கேள்வி

நேற்று யோகா தினத்துக்கு மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோரையும் உட்கார வைத்தார்கள். காலை நீட்டி விரலைத் தொடச் சொன்னார்கள். எனக்குக் கை, கால் முட்டியைத் தாண்டவில்லை. வயது நாற்பத்தாறு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. முட்டி வலியும் சுகரும் இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் "உடம்பு வளையற ஆளுங்களுக்குத்தாங்க யோகா" என்றார். இன்னொருத்தர் "ஆறு மாசம் செஞ்சா சுகர் மாத்திரையத் தூக்கிப் போட்டுடலாம்" என்றார். எது சரி? முட்டிக்கு என்ன ஆசனம், சுகருக்கு என்ன ஆசனம் என்று யாராவது பட்டியல் போட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

ஜூன் 22, மதியம்

பட்டியல் தர மாட்டேன். அம்மாபேட்டையில் பல வருஷமாகக் காலை வகுப்பு எடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பதே இதுதான். இன்ன நோய்க்கு இன்ன ஆசனம் என்று அட்டையில் அச்சடித்துச் சுவரில் மாட்டிவைத்ததால் வந்த வினை.

நான் உங்களிடம் கேட்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சம்மணம் போட்டு உட்காருகிறீர்கள்? பற்றவைக்கும்போது கழுத்தைக் குனிந்து வைத்திருப்பீர்களா? நடுவில் எப்போது எழுந்து நிற்பீர்கள்? அதைச் சொல்லுங்கள், பிறகு ஆசனத்துக்கு வருவோம்.

மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இரவு விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 22, இரவு

என் சித்தி சேலத்தில் குகை என்ற பகுதியில் இருக்கிறார். ஒரு மண்டபத்தில் நடந்த யோகா முகாமுக்குப் போய் வந்தார். யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். கடைசி நாளில் மேடையில் இருந்தவர் இனிமேல் மாத்திரை தேவைப்படாது என்று சொல்லியிருக்கிறார். சித்தி வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைப் பரண்மேல் போட்டுவிட்டார். "உடம்பு காத்து மாதிரி இருக்குது கண்ணு" என்று என்னிடமே சொன்னார். அப்புறம் செருப்புக் கடித்த இடம் புண்ணானது. மஞ்சள் வைத்தார், வேப்பிலை அரைத்துப் போட்டார், ஆறவில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப் போனபோது சர்க்கரை நானூறுக்கு மேல். கால் விரல் ஒன்றை எடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள்.

உடம்பு லேசாக இருக்கிறது என்பது பொய்யில்லை. நன்றாக மூச்சு விட்டு, நேரத்துக்குத் தூங்கினால் யாருக்கும் லேசாகத்தான் இருக்கும். ஆனால் சர்க்கரை 250இல் நிற்பதை உடம்பு வலித்துக் காட்டாது. எச்பிஏ1சி என்று மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது இறங்கினால், அதைப் பார்த்து மருந்தைக் குறைப்பது மருத்துவர் வேலை. யோகா சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்த உரிமை கிடையாது. எந்த மேடையில் எவ்வளவு பெரிய மாலை போட்டு உட்கார்ந்திருந்தாலும் அவருக்கும் கிடையாது.

ஜூன் 23

இரவு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தம்பி "அப்ப யோகாவால சுகருக்கு ஒண்ணுமே ஆகாதாக்கா?" என்று கேட்கிறார். ஆகும். வேலை செய்கிற தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதற்கு இன்சுலின் தயவுகூட அவ்வளவாக வேண்டியதில்லை. மன அழுத்தம் குறைந்தால் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களும் அடங்கும். ஆய்வுகளில் பலன் தெரிந்தது பெரும்பாலும் மருந்தோடு சேர்த்து யோகா செய்தவர்களிடம்.

ஆனால் அட்டையில் போட்டிருக்கும் காரணம் வேறு. அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் இடுப்பைத் திருகினால் கணையம் பிழியப்பட்டு இன்சுலின் சுரக்குமாம். கணையம் ஈரத்துணி இல்லையே. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் முக்கியமான சிக்கல், இருக்கிற இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் சரியாக மசியாததுதான். தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்தில் கழுத்து அழுந்தினால் தைராய்டு சரியாகும் என்பதும் இதே கதை. தைராய்டு எவ்வளவு சுரக்க வேண்டும் என்று மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஆணையிடுகிறது. தாடையை வைத்து அழுத்துவதால் அந்த ஆணை மாறாது.

திருகுகிற ஆசனங்களை நானும் சொல்லித்தருகிறேன், முதுகெலும்பு எல்லாப் பக்கமும் அசைய வேண்டும் என்பதற்காக. உடம்பில் இருக்கும் நஞ்சைப் பிழிந்து எடுக்கும் என்று யாராவது சொன்னால், அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாம் தூங்கும்போதுகூடப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

ஜூன் 23, சற்றுக் கழித்து

விட்டுப்போனது, மிக முக்கியம். "வெறும் வயித்துலதான் செய்யணும்" என்ற விதியைச் சுகர்க்காரர்கள் அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் விடியற்காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேகமாகச் சூரிய நமஸ்காரம் செய்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு வரும். பக்கத்தில் இருப்பவர் "நல்லா வேர்க்குது, கழிவு வெளியேறுது" என்று பாராட்டிக்கொண்டிருப்பார். உடனே நிறுத்திவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். வகுப்புக்கு வரும்போதே பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்க வேண்டும். என் வகுப்பில் அலமாரியில் ஒரு டப்பா எப்போதும் இருக்கும்.

மற்றவர்களுக்கு, நிறையச் சாப்பிட்டிருந்தால் மூன்று நான்கு மணி நேரம், பலகாரம் என்றால் ஒன்றரை இரண்டு மணி நேரம் இடைவெளி போதும். தட்டுவடை செட் பலகாரத்தில் சேருமா என்று கேட்பவர்களுக்கு: ஒன்று சாப்பிட்டால் சேரும், அம்மாபேட்டைக்காரர் யாரும் ஒன்றோடு நிறுத்தி நான் பார்த்ததில்லை.

ஜூன் 25

"சாப்பிட்டதும் வஜ்ராசனத்தில் உட்காரலாமே?" முட்டியை மடக்கிக் குதிகால்மேல் உட்காருவது அது. உட்காரலாம், ஐந்து நிமிடம், முட்டி வலி இல்லாதவர்கள். மணிக்கணக்காக வேண்டாம். முட்டிக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே, எலும்பை ஒட்டி ஒரு நரம்பு தோலுக்கு அருகிலேயே ஓடுகிறது. வெகுநேரம் அழுந்தினால் அது மரத்துப்போய்ப் பாதத்தைத் தூக்க முடியாமல் ஆகிவிடும். முழங்காலிட்டு நெடுநேரம் உட்கார்ந்து தியானம் செய்தவருக்கு இப்படி ஆனதை 1971இலேயே ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். கால் மரத்துப் போவதைத் தவத்தின் படி என்று யாரும் எண்ண வேண்டாம். மரத்தால் எழுந்துவிடுங்கள்.

ஜூன் 27

வளைகிற கதைக்கு வருகிறேன்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் 195 சூத்திரங்கள், சில பதிப்புகளில் 196. அதில் ஆசனத்துக்கு என்று ஒதுக்கியது மூன்றே மூன்று. அதிலும் முதலாவது சொல்வது, இருக்கை அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான். கால் விரலைத் தொடு என்று எங்கும் இல்லை. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம் என்று தொடங்கிச் சமாதி வரை எட்டு உறுப்புகளைச் சொல்கிறார். ஆதனம், அதாவது ஆசனம், அதில் ஒன்று, அவ்வளவே. பதினைந்தாம் நூற்றாண்டின் ஹட யோகப் பிரதீபிகை என்ற நூல் விவரிக்கும் ஆசனங்கள் பதினைந்து.

இன்று பள்ளி மைதானத்தில் வரிசையாக நின்று செய்யும் சூரிய நமஸ்காரம் இந்த வடிவில் பரவியது 1920களுக்குப் பிறகு. மகாராஷ்டிரத்தில் ஔந்த் என்ற சிறு சமஸ்தானத்தின் ராஜா அதை ஊரெங்கும் உடற்பயிற்சியாகக் கொண்டுபோனார். 1930களில் மைசூர் அரண்மனையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் சிறுவர்களுக்குக் கற்றுத்தந்தார், அதில் வேகமும் தாவலும் இருந்தன. இளம் பையன்களுக்கு அதுதானே பிடிக்கும். அதே மனிதர் 1952இல் சென்னைக்கு வந்தபிறகு நோயாளிக்கும் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் தனித்தனியாக, ஆளைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்குத் தக்கபடி யோகா மாற வேண்டும் என்பது அவர் வழி. அவர் மகன் தேசிகாசார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த வழியில்தான் நடக்கிறது.

கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் 1918இல் பிறந்தவர். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் எல்லாம் கண்டு மெலிந்து கிடந்த பிள்ளை. முதலில் குனிந்தால் கை முட்டிக்கு அருகில்தான் எட்டுமாம். கட்டை, கயிறு, நாற்காலி, போர்வை என்று வைத்துச் செய்யும் முறையை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர். செவ்வாய்ப்பேட்டை அண்ணா, நீங்கள் தொடங்கும் இடமும் அதேதான்.

ஜூன் 30

கேள்வி கேட்ட அண்ணா பதில் எழுதியிருக்கிறார்: காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை பட்டறையில் சம்மணம், டீக்கும் சோற்றுக்கும் மட்டும் எழுந்திருப்பாராம். கழுத்து எப்போதும் நெருப்பைப் பார்த்துக் குனிந்தே இருக்கும்.

இதைத்தான் கேட்டேன். இவரை அழைத்துப் பத்மாசனத்தில் உட்கார வைத்து "முட்டி பலமாகும்" என்று சொன்னால் அதைவிடக் கொடுமை இல்லை. முட்டியை முழுக்க மடக்கி உட்காருவதுதான் இவர் பிழைப்பே.

என் அப்பா குழித்தறியில் வேலை செய்தவர். குழிக்குள் கால் தொங்கும், மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒரு கை கயிறு இழுத்து, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும். உடம்பு முழுக்க முன்பக்கம் பாவு நூலின் மேல் சாய்ந்திருக்கும். அவருக்கு இடுப்பு வலி வந்தபோது ஒரு நல்லவர் அட்டையைப் பார்த்துப் பச்சிமோத்தாசனம் சொன்னார். முன்னால் குனிகிற ஆசனம். நாளெல்லாம் குனிந்தே இருந்த முதுகுக்கு இன்னும் குனியச் சொன்னது அது. குனிந்து உட்காரும்போதுதான் முதுகுத் தட்டுகளில் அழுத்தம் கூடும். வலி இறங்கவில்லை, காலுக்குப் பரவியது. பிறகு ஓர் எலும்பு மருத்துவர் குப்புறப் படுத்து மார்பை மெல்லத் தூக்கச் சொன்னார். அது புஜங்காசனம் என்று நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நான் இந்தத் துறைக்கு வந்த காரணமும் அதுதான்.

விசைத்தறிக்காரர் கதை நேர் எதிர். அவர் உட்காருவதே இல்லை. தறிக்கும் தறிக்கும் நடுவில் நாள் முழுக்க நிற்பார், சாயங்காலம் கால் வீங்கும், நரம்பு புடைக்கும். அவருக்குச் சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுப்பது பத்து நிமிடத்தில் சுகம் தரும். ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஸ்டியரிங் ஒடித்து ஏற்றும் ஓட்டுநருக்குத் தோளும் கழுத்தும்.

மூவருக்கும் "உடம்பு வலி" என்றுதான் பெயர்.

ஜூலை 4

ஏற்காடு என்று எழுதியதும் ஒருவர், அங்கே போய் யோகா செய்தால் ஆக்சிஜன் அதிகம் கிடைக்குமா என்கிறார். சொகுசு விடுதிகளின் விளம்பரத்திலும் இதைப் பார்க்கிறேன். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு சேலத்திலும் அங்கேயும் அதே 21 சதவீதம். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் குறையத்தான் செய்யும். நல்ல உடம்புக்கு அது உறைக்காது. குளிர், அமைதி, குறைந்த தூசு, இவற்றுக்காகப் போங்கள். எனக்கும் பகோடா பாயிண்டில் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது பிடிக்கும்.

அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் அக்காவிடம் சூரிய நமஸ்காரம் பற்றிப் பேசியிருக்கிறேன். "பொழுதன்னிக்கும் மலை ஏறி எறங்கறேன், சூரியனுக்குத் தெரியாதா கண்ணு?" என்று சிரித்தார். அவர் சொன்னது சரி. பழம் பறிக்கும் பருவத்தில் அவருக்கு வேண்டியது படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தை வீட்டில் யார் கொடுப்பார்கள் என்பது யோகாவைவிடப் பெரிய கேள்வி.

ஜூலை 5

மேலே மூச்சைப் பற்றிச் சொன்னதன் தொடர்ச்சி. வேகமாக மூச்சு விட்டால் மூளைக்கு ஆக்சிஜன் பாயும் என்பது பெரிய தவறான நம்பிக்கை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இரத்தத்தில் ஆக்சிஜன் 97, 98 சதவீதம் நிறைந்திருக்கிறது. வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியை மிதமிஞ்சி, ஆழமாக இழுத்து இழுத்துச் செய்தால் நடப்பது, கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போவது. அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், உதடும் விரலும் மதமதக்கும். "குண்டலினி எழும்புது" என்று சிலர் பூரித்துப் போகிறார்கள். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள், போய்விடும். உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம், அண்மையில் வயிற்றில் அறுவை: இவர்களுக்குக் கபாலபாதி வேண்டவே வேண்டாம்.

பலன் இருப்பது மெதுவான மூச்சில். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு இறங்கி, வெளிவிடும் மூச்சை நீட்டினால் இதயத் துடிப்பு நிதானமாவதை மணிக்கட்டில் விரல் வைத்தே உணரலாம். பிராமரியில் வண்டு போல ரீங்கரிக்கும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு பதினைந்து மடங்கு கூடுவதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் அளந்தார்கள். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். பிள்ளைகள் வகுப்பில் இதைச் சொன்னதும் கூடமே ரீங்காரத்தில் அதிரும்.

ஜூலை 11

சிரசாசனம். முடி வளரும், மூளைக்கு இரத்தம் போகும், ஞாபகசக்தி கூடும் என்கிறார்கள். மூளை தனக்கு எவ்வளவு இரத்தம் வேண்டும் என்பதைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், நீங்கள் நின்றாலும் கவிழ்ந்தாலும். கண்ணுக்குத்தான் ஆபத்து. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சிரசாசனம் செய்பவர்களை அளந்து, தலைகீழாக நிற்கும்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று 2006இல் வெளியிட்டார்கள். கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பவருக்கு இது விளையாட்டில்லை. பலருக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. நாற்பது தாண்டியவர்களை நான் கண்ணழுத்தம் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். கழுத்து எலும்பு தேய்ந்தவர்களுக்கு எப்போதுமே இல்லை.

ஜூலை 19

ஆடி பிறந்தாயிற்று. வகுப்பில் பாதிப் பேர் கோட்டை மாரியம்மனுக்கு விரதம், மீதிப் பேர் அலங்கார வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கைக்கு நாள் எண்ணுகிறார்கள். இந்த மாதத்தில் கஞ்சமலைச் சித்தர் கோவில் பேச்சும் வரும். அங்கே காலாங்கிச் சித்தர் மூலிகை உண்டு இளமை திரும்பினார் என்பது ஐதீகம். அமாவாசைக்கு நானும் போவேன், மனசார கும்பிடுவேன். ஆனால் அந்தக் கதையைச் சொல்லி "யோகா செஞ்சா வயசே ஆகாது" என்று ஆள் பிடிப்பது சித்தருக்கும் மரியாதை இல்லை.

மதம் பற்றித் தனியே கேட்டவருக்கு: என் வகுப்பில் முஸ்லிம் அக்காமார், கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். மந்திரம் சொல்ல விருப்பம் இல்லாதவர் சொல்வதில்லை. மூச்சுக்கு அது தெரியாது.

பெண்கள் தனிச்செய்தியில் கேட்பதையும் இங்கேயே சொல்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு விலக்கான நாளில் செய்யலாமா? உடம்பு கேட்டால் செய்யுங்கள், வலித்தால் படுத்துக்கொள்ளுங்கள். தலைகீழ் ஆசனத்தில் இரத்தம் உள்ளே திரும்பி நோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொஞ்சம் இரத்தம் கருக்குழாய் வழியே உள்ளே போவது பெரும்பாலான பெண்களுக்கு எந்த நிலையிலும் நடப்பதுதான். வழக்கத்தை மதித்து விட்டுவிட்டாலும் நட்டமில்லை. கர்ப்பிணிகள் மட்டும் கவனம்: இருபது வாரத்துக்கு மேல் மல்லாந்து சவாசனம் வேண்டாம். கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

ஜூலை 28

செவ்வாய்ப்பேட்டை அண்ணாவுக்கு. முட்டியை எக்ஸ்ரே பார்த்தாயிற்று, ஆரம்பத் தேய்மானம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் இதைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பட்டறையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். கையை மேலே தூக்கித் தாடாசனம், ஐந்து மூச்சு. முதலாளி முறைத்தால் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லுங்கள். வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருங்கள், வலிக்காத ஆழம் வரை. தொடைத் தசை பலப்பட்டால்தான் முட்டிச் சுமை இறங்கும். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம். படுத்தபடியே ஒரு காலைத் துண்டு போட்டு மேலே இழுப்பது. விரலைத் தொட முடியாமல் போன தொடைப் பின்தசை இதில் இளகும். பாய் வழுக்கினால் பவானி ஜமக்காளம் விரித்துக்கொள்ளுங்கள், ரப்பர் விரிப்பு வாங்கிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்றில்லை. சம்மணமே இல்லாத யோகா இது. யாராவது "இதெல்லாம் யோகாவா?" என்று கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

ஆகஸ்ட் 9

அவர் எழுதியிருக்கிறார்: படி இறங்கும்போது வலி குறைந்திருக்கிறது, பட்டறையில் இன்னும் இரண்டு பேர் கூட எழுந்து நிற்கிறார்களாம். படித்ததும் கண் கலங்கிவிட்டது.

"நடைப்பயிற்சியை விட்டுவிடலாமா?" என்றும் கேட்கிறார். கூடாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு உடம்பு உழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாம் செய்யும் மெதுவான ஆசனங்கள் அந்த அளவுக்கு இதயத்தை வேலை வாங்காது. முட்டி தாங்கும் வரை சமதரையில் நடங்கள். அண்ணா பூங்காவோ மூக்கனேரிக் கரையோ, வேலைக்கு முன்னால் முடியாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பிட்டபின் நடப்பது சர்க்கரைக்கும் கூடுதல் உதவி. காலில் செருப்பில்லாமல் மட்டும் நடக்காதீர்கள், படுக்கும் முன் இரண்டு பாதத்தின் அடியையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அடுத்த எச்பிஏ1சி வந்ததும் எண்ணைப் போடுங்கள்.